மெல்ல வாசிக்கிற கிட்டாருக்கு ஒரு பிக்கப்

போன மாதம் கடைப்பக்கம் வந்திருந்தேன் அல்லவா, அப்போது ஒன்றைக் கவனித்தேன். ஒருவர் வந்து, கிட்டாரின் ஓசையை ஸ்பீக்கருக்குக் கொண்டுபோக ஒரு பிக்கப் வேண்டும் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் உங்களில் ஒருவர் கண்ணாடி அலமாரியைத் திறந்து நாலைந்து டப்பாக்களை வரிசையாக எடுத்து வைத்துவிட்டார். சுறுசுறுப்பு நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனாலும் சர்வீஸ் மேஜையை உங்களிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வுக்குப் போனவள் என்ற உரிமையில் ஒரு கதையைச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது.

எந்த ஒயர் எங்கே போகும், எப்படிப் பற்றவைப்பது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதற்குள் நான் போகப்போவதில்லை. யாருக்கு எதைக் கொடுப்பது என்று முடிவு செய்கிற இடம் ஒன்று இருக்கிறதே, அங்கேதான் நம் வேலை இருக்கிறது. அதைப் பற்றித்தான் இது.

நான் வேலையை விடுவதற்கு முந்தைய வருடம். மாசி மாதத்திலேயே வெயில் கொளுத்தத் தொடங்கியிருந்தது. மத்தியான நேரம், கடையில் ஆள் இல்லை. முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கிட்டார் பையை முதுகில் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். பெயர் முத்துச்செல்வி. நம்ம அருப்புக்கோட்டையிலேயே ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். பையை இறக்குவதற்கு முன்பே கையிலிருந்த டப்பாவை என் மேஜைமேல் வைத்தார்.

"அக்கா, ஆன்லைன்ல வாங்குனேன். ஓடவே மாட்டேங்குது. கெட்டுப்போன சாமான அனுப்பிட்டாக போல. கொஞ்சம் பாருங்களேன்."

பிரித்துப் பார்த்தேன். கிட்டாரின் வட்ட ஓட்டையில் மாட்டுகிற காந்த பிக்கப். கடையில் இருந்த ஒரு கிட்டாரில் மாட்டித் தட்டினேன், கணீரென்று பேசியது. அவர் பையைத் திறந்து தன் கிட்டாரை வெளியே எடுத்ததும் விஷயம் புரிந்துவிட்டது. அதில் இருந்தவை நைலான் தந்திகள்.

"சாமான் நல்லாத்தாம்மா இருக்கு. இது காந்தம். இரும்புத் தந்தி ஆடுனாத்தான் இதுக்குத் தெரியும். நைலான் என்னதான் ஆடுனாலும் இதுக்கு ஒண்ணும் கேக்காது."

அவர் அசரவில்லை. பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து இன்னொரு பொட்டலத்தை எடுத்தார். "அப்ப இதை மாட்டிக் குடுத்துருங்கக்கா. இரும்புத் தந்தி மாட்டினாச் சரியாப் போகும்னு ஒரு வீடியோவுல சொன்னாக."

நல்லவேளை அவரே மாட்டிப் பார்க்கவில்லை. நைலானுக்கென்று செய்த கிட்டாரின் மேல்பலகை மெல்லிசு. இரும்புத் தந்தியின் இழுவையைத் தாங்காது. பலகை புடைத்துக்கொண்டு, தந்தி கட்டுகிற கட்டையே பெயர்ந்து வந்துவிடும். அதைச் சொன்னதும்தான் அவர் முகம் வாடியது.

"பங்குனிப் பொங்கலுக்கு எங்க ஊர்ல வாசிக்கணும்க்கா. திருச்சுழிக்குத் தெக்க எங்க ஊரு. எங்கண்ணன் விழாக் கமிட்டியில எல்லார்ட்டயும் பேசி நேரம் வாங்கிருக்கான். பெரிய கச்சேரி தொடங்குறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம்."

"அதுக்கென்ன, நாள் இருக்கே."

"அதில்லக்கா." அவர் குரலைத் தாழ்த்தினார். "எங்க தெரு ஆளுக அந்தப் பொங்கலுக்குப் பந்தல் போட்டிருக்காக. பாத்திரம் சுமந்திருக்காக. மேடையில ஏறி யாரும் ஒண்ணும் செஞ்சதில்ல. இந்த வருசந்தான் இளவட்டங்க எல்லாம் ஒண்ணாச் சேந்து ஒத்துக்க வச்சிருக்காக. அன்னைக்கு இது ஓடலைன்னா, அடுத்து எவரும் போயி நேரம் கேக்கவே மாட்டாக."

அதன் பிறகு அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, எதையும் மாட்டாமல் வாசிக்கச் சொன்னேன்.

வாசித்தார். மேலே சுற்றுகிற மின்விசிறியின் சத்தத்துக்கு மேல் அது எழும்பவே இல்லை. எழுந்து போய் விசிறியை நிறுத்தினேன். அப்புறம்தான் கேட்டது. விரல் நுனியால் தந்தியைத் தொட்டுத் தொட்டு வாசிக்கிறார். ஒரு சுரம்கூடத் தவறவில்லை. ஆனால் அடுத்த அறையில் யாரோ வாசிப்பதுபோல அவ்வளவு மெல்லிசு.

"ஏம்மா இம்புட்டு மெதுவா வாசிக்கிறீக?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவர் கருப்பசாமி நூற்பாலையில் நைட் ஷிப்ட் பார்க்கிறாராம். இருப்பது மில்லின் ஒற்றை அறை லைன் வீடு. முத்துச்செல்வி பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் நேரத்தில் அவர் தூக்கத்தில் இருப்பார். அந்த அறையின் மூலையில் உட்கார்ந்து, போனில் பாடம் பார்த்து, அவரை எழுப்பாமல் வாசித்துப் பழகியதுதான் அத்தனையும். அந்த நைலான் தந்திகூட, சத்தம் குறைவு என்பதற்காகத் தேடி வாங்கியதுதான்.

இப்போது என் நிலையை யோசித்துப் பாருங்கள். நம்மிடம் சுலபமான வழி ஒன்று இருந்தது. தந்தி உட்காருகிற வெள்ளைக் கட்டைக்கு அடியில் பட்டை பிக்கப் ஒன்றைச் செருகிவிடலாம். பெரிய ஆம்ப் ஒன்றைத் தலையில் கட்டிவிடலாம். தந்தியை மீட்ட ஒரு பிளாஸ்டிக் வில்லையைக் கையில் கொடுத்து, "நல்லா அடிச்சு வாசிங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிடலாம். திருவிழா மைதானத்துக்கு அதுதான் வழக்கம். முதலாளியும் அதைத்தான் சொன்னார். அப்படிப் பட்டை பொருத்திய நைலான் கிட்டார் ஒன்று விற்பனைக்கு இருந்தது. அதை அவர் கையில் கொடுத்துப் பார்த்தேன். நாலு சுரம் வாசித்துவிட்டு நிறுத்திவிட்டார்.

"சத்தம் நல்லா வருதுக்கா. ஆனா தகரத்துல வாசிக்கிற மாதிரி இருக்கு. இல்ல, எனக்குத்தான் அப்படித் தோணுதா?"

இந்தக் கேள்விக்கு அவரும் பதில் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. எனக்கு முன்னால் அந்த மேஜையில் இருந்தவர் இப்படிப்பட்ட நேரத்தில் ஒன்று செய்வார். வாசிப்பவருக்குக் கிட்டார் வயிற்றோடு ஒட்டி இருக்கிறது. எதிரே இருப்பவருக்கு அது எப்படிக் கேட்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அதனால், தினமும் கேட்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்வார். நானும் அதைத்தான் சொன்னேன்.

இரண்டு மூன்று நாள் கழித்துக் காலையில் கருப்பசாமி வந்தார். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறார். தலைமுடியில் பஞ்சுத் துகள், கண் இரண்டும் சிவப்பு. ஒரு நாற்காலியில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன்.

"எனக்கு மியூசிக் எல்லாம் தெரியாதுக்கா," என்றார்.

"தெரிய வேணாம். கண்ண மூடிக்கங்க. உங்க வீட்டுக்காரம்மா வாசிக்கிற மாதிரி எது இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

முதலில் பட்டை பிக்கப்பும் பெரிய எலக்ட்ரிக் கிட்டார் ஆம்பும். "இது அவ இல்ல," என்றார் உடனே.

அடுத்து முத்துச்செல்வியின் கிட்டாரிலேயே ஒரு ஒட்டு பிக்கப்பை வைத்தேன். சட்டைப் பொத்தான் அளவுக்கு இருக்கும். துளை போட வேண்டாம், மேல்பலகையில் பசைமண்ணால் ஒட்டினால் போதும். பலகையின் அதிர்வை அப்படியே எடுக்கும். அதைக் கீபோர்டுக்கு வைக்கிற ஆம்பில் கொடுத்தேன். கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினார். "அவதான். ஆனா பக்கத்துத் தெருவுல போயி உக்காந்து வாசிக்கிறா."

மூன்றாவதாக, சாதாக் கிட்டாருக்கென்றே வருகிற சின்ன ஆம்ப். உள்ளே பேட்டரி உண்டு, சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். வாசித்துக்கொண்டே பாட மைக் ஒன்றையும் சேர்த்து மாட்டலாம். ஒட்டு பிக்கப்பை அதில் கொடுத்து, சத்தத்தை அளவாக வைத்தேன். முத்துச்செல்வி ஒரு பாட்டு முழுவதையும் வாசித்தார். முடித்ததும் நான் திரும்பி, "இது எப்படிங்க?" என்று கேட்டேன்.

தலை பின்னால் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, மனிதர் நன்றாகத் தூங்கிப்போயிருந்தார்.

"ஏங்க! கடைங்க இது!" என்று முத்துச்செல்வி வெட்கத்தோடு எழுப்பப் போனார். நான் தடுத்துவிட்டேன். முதலாளி உள்ளே வந்து, "யாரும்மா இந்த ஆளு?" என்றார்.

"பிக்கப் செலக்ட் பண்ண வந்தவரு. செலக்ட் பண்ணிட்டாரு."

சிரிப்புக்காக இதைச் சொல்லவில்லை. வீட்டில் தினமும் அவர் தூங்குவது அந்த ஓசையில்தானே. அன்றைக்குக் கடையில் இருந்த எந்தக் கருவியும் அவ்வளவு தெளிவாகத் தீர்ப்புச் சொல்லியிருக்காது. ஒட்டு பிக்கப்பின் குணத்தை மட்டும் முத்துச்செல்வியிடம் மறைக்காமல் சொன்னேன். அது எல்லாவற்றையும் கேட்கும். நகம் பட்டால் கேட்கும், பலகையைத் தட்டினால் கேட்கும். பக்கத்தில் பெரிய ஸ்பீக்கர் அதிர்ந்தால் அந்த அதிர்வையும் எடுத்துக்கொண்டு ஊளையிடும். அதற்காகக் கிட்டார் ஓட்டையை அடைக்க ஒரு ரப்பர் மூடியும் கொடுத்தேன். "பெரிய செட்டோட சேக்காம, இந்தச் சின்ன ஆம்புலயே வாசிங்க," என்றேன்.

"நீங்களும் வாங்கக்கா," என்றார். முதலாளியிடம் கேட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பங்குனிப் பொங்கல் அன்று திருச்சுழியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முத்துச்செல்வியின் அண்ணன் முனியாண்டி வண்டியோடு நின்றார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். ஊரைப் பற்றி, கமிட்டியைப் பற்றி, எத்தனை பேரிடம் போய் நின்றார் என்பதைப் பற்றி. பேச்சில் சந்தோஷம் இருந்தது. அதற்குள்ளே பயமும் இருந்தது.

கோயிலுக்கு எதிரே கரிசல் பொட்டல். ஒரு பக்கம் மேடை. மதுரையிலிருந்து வந்திருந்த கச்சேரிக் குழு, மேடையின் இரண்டு ஓரத்திலும் ஆள் உயரத்துக்கு மேல் ஸ்பீக்கர்களை அடுக்கியிருந்தது. அவர்களுடைய சவுண்டு ஆள் நல்ல மாதிரியான இளைஞர். நம் ஆம்பைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"அக்கா, இந்தப் பொட்டி எந்த மூலைக்கு? ஒயரை இப்படிக் குடுங்க, நம்ம மிக்சர்ல போட்டுப் பெரிய ஸ்பீக்கர்ல விட்டுருவோம். ஊருக்கே கேக்கும்."

ஊருக்கே கேட்கும் என்ற சொல் கமிட்டித் தலைவருக்குப் பிடித்துவிட்டது. வெள்ளை வேட்டி கட்டிய பெரிய மனிதர் அவர், ஊரில் நிலபுலம் உள்ள குடும்பம். "அதானே, பூரா சனத்துக்கும் கேக்கணும்ல," என்றார். முத்துச்செல்வி என்னைப் பார்த்தார். மேடை அவர்களுடையது. சரி என்று ஒயரைக் கொடுத்தேன். சரி என்று ஒயரைக் கொடுத்தேன்.

பொழுது சாய்ந்தது. மைதானம் நிறைந்தது. முத்துச்செல்வியின் பெயரை அறிவித்தார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து முதல் தந்தியைத் தொட்டார். கூட்டத்தின் இரைச்சலில் அது எடுபடவில்லை. சவுண்டு தம்பி சத்தத்தை ஏற்றினார். அவ்வளவுதான், இரண்டு பக்க ஸ்பீக்கரும் சேர்ந்து அடிவயிற்றிலிருந்து ஒரு ஊளை. மேடைப் பலகையே அதிர்ந்தது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டன. குறைத்தார், கிட்டார் காணாமல் போனது. மறுபடி ஏற்றினார், மறுபடி ஊளை.

"ஏப்பா, அடுத்த நிகழ்ச்சியப் போடுங்கப்பா!" என்று ஒரு குரல். இன்னொரு பக்கம் விசில்.

தலைவர் முனியாண்டியைக் கூப்பிட்டார். "போதும்ப்பா. தங்கச்சிய இறங்கச் சொல்லு. அடுத்த வருசம் பாத்துக்கிருவோம்." அவர் கோபமாகச் சொல்லவில்லை, சமாதானமாகத்தான் சொன்னார். முனியாண்டி திரும்பி மேடையில் இருந்த தங்கச்சியைப் பார்த்தார். அடுத்த வருசம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

சவுண்டு தம்பி என் காதருகே வந்தார். "அக்கா, எங்க கீபோர்டு ஆளை வாசிக்கச் சொல்றேன். அவங்க சும்மா கையை மட்டும் ஆட்டட்டும். யாருக்கும் தெரியாது." உதவி செய்கிற எண்ணத்தில்தான் சொன்னார்.

நான் மேடைப் படியில் ஏறி முத்துச்செல்வியின் பக்கத்தில் குனிந்தேன். அவர் விரல் இன்னும் தந்தியின் மேலேயே இருந்தது.

"இறங்குறீகளா?"

"இல்லக்கா. வாசிக்கிறேன்."

அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது. மிக்சருக்குப் போன ஒயரைப் பிடுங்கினேன். "தம்பி, உங்க செட்டை முழுசா மூடுங்க. தலைவர் கையில இருக்க மைக்கு மட்டும் இருக்கட்டும்," என்றேன். நம் சின்ன ஆம்பை மேடையின் விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து, கூட்டத்தைப் பார்த்துத் திருப்பினேன். கிட்டாரை அதில் மாட்டினேன். அவர் பாடுவதற்கு ஒரு மைக்கையும் அதிலேயே கொடுத்தேன்.

தலைவர் வந்துவிட்டார். "ஏம்மா, பின்னாடி இருக்கவுகளுக்குக் கேக்காதேம்மா."

"கேக்காதுங்கய்யா. அவுகள முன்னாடி வரச் சொல்லுங்க."

தொழில் புத்தியில், சத்தத்தை மட்டும் நினைத்துச் சொன்ன சொல் அது. சொன்ன பிறகுதான் மைதானத்தை நிமிர்ந்து பார்த்தேன். முன்னால் தார்ப்பாய் விரித்து ஒரு கூட்டம். நடுவில் வெறும் மண். அதற்குப் பின்னால், கருவேல மரங்களை ஒட்டி, முத்துச்செல்வியின் தெருக்காரர்கள். அந்த இடைவெளியை யாரும் அளந்து வைக்கவில்லை. வருடா வருடம் அப்படியே உட்கார்ந்து பழகியது. நான் கேட்டது என்ன என்பது தலைவருக்கு என்னைவிட முன்பே புரிந்திருக்க வேண்டும். மைக்கைக் கையில் பிடித்தபடி மைதானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அவர் மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"இது மெதுவாக் கேக்குற பாட்டாம். எல்லாரும் முன்னாடி வாங்க. பின்னாடி இருக்கவுகளும் வாங்க. நெருங்கி உக்காருங்க, எடம் இருக்கு."

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு கருவேல மரத்தடியிலிருந்து பிள்ளைகள் ஓடிவந்தன. பிள்ளைகளைப் பிடிக்கத் தாய்மார்கள் வந்தார்கள். பின்னாலேயே ஆண்கள், துண்டை உதறிக்கொண்டு. தார்ப்பாயின் ஓரத்தில் இருந்த ஒரு அம்மா தன் சேலையை இழுத்து ஒதுக்கி, "இப்படி உக்காரு," என்றார். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டதையும் பார்த்தேன். ஆனால் எழுந்து போகவில்லை.

முத்துச்செல்வி வாசித்தார். களையெடுக்கும்போது அந்தப் பக்கத்துப் பெண்கள் படிக்கிற ஒரு மெட்டு. கடையில் விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டேனே, அதே விரல்தான். கேட்பதற்காக இப்போது மைதானமே வாயை மூடிக்கொண்டது. தூரத்தில் ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம், அதற்கு மேலே கிட்டார். அவர் பாடத் தொடங்கியதும் முன்வரிசைப் பெண்களில் ஒருவர் கூடவே முணுமுணுத்தார். பின்னால் இன்னொருவர். அந்தப் பாட்டு எல்லாத் தெருவுக்கும் தெரிந்த பாட்டுதான். இரண்டாவது அடி வந்தபோது எந்தக் குரல் எந்தத் தெரு என்று பிரிக்க முடியவில்லை.

சவுண்டு தம்பி மிக்சரை விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். கொடுத்த நேரம் முடிந்தது. "இன்னொண்ணு படிக்கச் சொல்லுங்கப்பா," என்று கூட்டத்திலிருந்து ஒரு பெண்குரல். தலைவர் கச்சேரிக்காரர்களைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினார்.

அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். சத்தம் போதவில்லை என்றால் நம் கை தன்னால் பெரிய ஆம்புக்குத்தான் போகும். பெரிய ஆம்ப் வேண்டிய ஆட்களும் உண்டு, அவர்களுக்கு அதையே கொடுங்கள். ஆனால் ஒருவர் மெல்ல வாசிக்கிறார் என்றால், அவரை மாற்றத் துணியாதீர்கள். அவருடைய ஓசையைக் கெடுக்காத பிக்கப்பைக் கண்டுபிடியுங்கள். அது எவ்வளவு தூரம் போகும் என்று உண்மையைச் சொல்லுங்கள். மீதித் தூரத்துக்கு ஆட்களை வரச் சொல்லிக் கேளுங்கள். கேட்க வேண்டிய நேரத்தில் வெட்கப்படாதீர்கள். வருவார்கள் என்று உறுதி சொல்ல முடியாது. அன்றைக்கு வந்தார்கள்.

சித்திரை கடைசியில், அந்த ஊரில் அன்று தார்ப்பாயில் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு விவசாயி மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். பெண் எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிறாள். "எங்க ஊர்ப் பொங்கலுக்கு டீச்சர் ஒருத்தவுக வாசிச்சாகள்ல, அவுக வச்சிருந்த மாதிரி செட்டு வேணும். கிட்டாரு, பிக்கப்பு, ஆம்பு எல்லாம். இவ ஒரு மாசமா நச்சரிக்கிறா," என்றார்.

அந்தப் பெண் அதுவரை கிட்டாரைத் தொட்டதே இல்லை. "இப்பப் பிக்கப்பும் வேணாம், ஆம்பும் வேணாங்க. மொதல்ல கத்துக்கிரட்டும்," என்றேன்.

"யாருகிட்டக் கத்துக்கிறது?"

"நீங்க சொன்னீகளே, அவுககிட்டத்தான்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "வீட்டுக்கு வந்து சொல்லிக் குடுப்பாகளா?"

"பள்ளிக்கூடம் விட்டு வந்து அவுக எங்க அம்புட்டுத் தூரம் வர? நீங்கதான் அவுக வீட்டுக்குப் போகணும்."

மகள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மீசையைத் தடவினார். வாசலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு, "வீடு எந்தப் பக்கம்?" என்றார்.

சொன்னேன். அவர் போய் வண்டியை எடுத்தார். மகள் பின்னால் ஏறிக்கொண்டாள். திருச்சுழிக்குப் போகிற ரோட்டைத் தாண்டி, மில் லைன் வீடுகள் இருக்கிற பக்கம் அந்த வண்டி திரும்புகிறவரை நான் கடை வாசலிலேயே நின்றேன்.